பொட்டலமும் மனமும்

1985ம் வருஷத்துப் போதை மருந்துகள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1989ல் சேர்க்கப்பட்டு 2001ல் விரிவாக்கப்பட்டது. போதைக்கு அடிமையான ஒருவன், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு சம்பந்தமான குற்றத்துக்காகவோ மாட்டிக்கொண்டால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றுக்கொள்ளும் பட்சத்தில், அவன்மீது வழக்கு நடக்காது. இதுவரை கருணைதான். அடுத்த வாக்கியம், சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்கிறது. பாதியில் எழுந்து போவது இந்தப் பழக்கத்தின் மிகச் சாதாரணமான லட்சணம். இருமுகிறவனை இருமலுக்காக மன்னித்துவிட்டு, மறுபடி இருமினால் உள்ளே என்று சொல்வது போல இருக்கிறது.

இதைச் சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நம் எல்லோர் மனசிலும் உள்ள குழப்பம்தான் அங்கே வாக்கியமாகியிருக்கிறது. அவன் தன் வசத்தில் இல்லை என்பதற்காக மன்னிக்கிறோம். அந்த உண்மையைத் தன் வசத்தில் நின்று வந்து ஒப்புக்கொள் என்றும் கேட்கிறோம்.

குழப்பம் பழையது. குடிவெறியில் குற்றம் செய்தவனுக்கு இரட்டிப்புத் தண்டனை தரும் சட்டத்தை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஆதரவாகவே எடுத்துக் காட்டுகிறார். குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது என்பது வாதம். எறிந்த கல்லைத் திரும்ப அழைக்க முடியாது, ஆனால் எறிந்தவன் அவன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்கு நிவாரணம் என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் கையில் இருந்ததும் அதே கல்தான்.

கல் உவமையில் எனக்கு ஒரு தடங்கல் இருக்கிறது. எறிதல் ஒரு முறை நடந்து முடிகிற காரியம். அடிமைப்பட்டவன் தினம் எறிகிறான். போலீஸ்காரர் எதிரில் அவன் புகைப்பதில்லை. பணம் புரட்டுகிறான், பொய் சொல்கிறான், எந்தச் சந்தில் யார் எப்போது வருவார் என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறான். சங்கல்பமே இல்லாதவன் செய்கிற வேலைகளா இவை? அதே ஆள், நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தபோது அதுவும் பொய்யில்லை. சங்கல்பம் அவனிடம் துண்டு துண்டாக இருக்கிறது. காலையில் இருக்கிறது, சாயங்காலம் இல்லை. ஆகவே குற்றவாளி என்ற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நோயாளி என்ற சொல்லை வைத்துக்கொண்டால் பிரச்னை தீர்ந்தது என்பவர்களோடும் என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. பூட்டிவைத்து அடித்த 'மறுவாழ்வு' மையங்களும் அவனை நோயாளி என்றுதான் சொல்லின.

சட்டத்துக்குத் துண்டு துண்டான மனம் புரியாது. அதற்குப் புரிவது பொட்டலம். 35ம் பிரிவின்படி, குற்ற மனநிலை தேவைப்படும் இடங்களில் அது இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவனின் பொறுப்பு. எவன் மனம் எவ்வளவு தூரம் அவனுடையது என்பதே கேள்வியாக இருக்கிறதோ, அவன் விஷயத்திலேயே மனம் முன்கூட்டி முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. மிச்சம் தராசின் வேலை. 1990ல் 300 மில்லிகிராம் ஹெராயினுடன் ஒருவன் பிடிபட்டிருந்தால், சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவாகிய 250 மில்லிகிராமை அது தாண்டிவிட்டது. குறைந்தபட்சம் 10 வருஷம். 2001ல் சிறிய அளவு 5 கிராமாக உயர்ந்தது. அதே பொட்டலத்துக்கு அதிகபட்சம் சில மாதங்களோ ஒரு வருஷமோதான். இடைப்பட்ட காலத்தில் மாறியது அவனுடைய பாவமா, அரசாங்க கெஜட்டா?

பொட்டலமே சாட்சி என்றான பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள். 'கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்' என்ற வாசகம் நம் ஊரில் கஞ்சாவையே பார்த்திராதவர்களுக்கும் பரிச்சயமானது. சினிமாவில் கேட்டுச் சிரிக்கிறோம்.

இங்கே வழக்கமாக எழுப்பப்படும் இன்னொரு ஆட்சேபம் உண்டு. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனி சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. அதனால் வடக்கே சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்கிறது. ஒரே செடியில் ஒரு முழம் மேலே சிறை, ஒரு முழம் கீழே பண்டிகை. தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். இந்த முரணைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் அதிலிருந்து, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. டாஸ்மாக் கடை வாசலை ஒரு சாயங்காலம் பார்த்தால் போதும், அரசு வியாபாரியாவதில் உள்ள விடுதலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

போர்ச்சுகல் 2001 ஜூலையில் வேறு ஒன்றைச் செய்தது. 10 நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. தடை தொடர்கிறது, விற்பவனுக்குச் சிறையும் தொடர்கிறது. பிடிபட்டவன் நீதிபதி முன் நிற்பதில்லை. சட்டம், மருத்துவம், மனோதத்துவம், சமூகசேவை போன்ற துறைகளிலிருந்து வந்த மூன்று பேர் கொண்ட குழுவின் எதிரில் உட்கார்கிறான். உட்கார்கிறான் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அமெரிக்காவில் ஆரெகன் மாநிலம் 2021ல் தண்டனையை விலக்கிக்கொண்டது. சிகிச்சை ஏற்பாடுகள் போதிய அளவில் வந்து சேரவில்லை. தெருவில் ஊசியும் மரணமும் கண்டு ஜனங்கள் வெறுத்தார்கள். 2024 செப்டம்பரில் தண்டனை திரும்பி வந்தது. அந்த மரணங்களில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, அதே சமயம் பரவிய ஃபென்டனிலின் பங்கு எவ்வளவு என்று அங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் படுவது, போலீஸ் நகர்ந்த இடத்தில் வேறு யாரும் வந்து நிற்கவில்லை என்பது.

தன் பிள்ளையைத் தானே பிடித்துக் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஜெயிலில் போட்டாலாவது உயிரோடு இருப்பான் என்கிறார்கள். தத்துவம் பேசி அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது சட்டத்தின்மேல் உள்ள நம்பிக்கையாலா? ராத்திரி 11 மணிக்குத் திறந்திருக்கிற கதவு அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான் என்பதாலா? உபயோகிப்பதைத் தண்டிக்கும் 27ம் பிரிவையும், சொந்த உபயோகத்துக்காக வைத்திருப்பதற்கான தண்டனையையும் எடுத்துவிட்டால் 64ஏக்கே வேலை இல்லாமல் போகும். மன்னிப்பதற்கு எதுவும் இராது. அதற்கு முன்பே அந்த இன்னொரு கதவு ஜில்லாவுக்கு ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து போனவன் ஏழாவது தடவையாக வந்து நிற்கும்போது, ஏன் போனாய் என்று கேட்காமல் நாற்காலியைக் காட்டுகிற ஒருவர் அங்கே ராத்திரி வேலையில் இருக்க வேண்டும்.