கைபடாத ஒளியும் ஏற்றிய ஒளியும்

ஓர் ஒளி மனிதக் கைபடாமல் தானே தோன்றினால்தான் தெய்வீகமா? இந்தக் கேள்வி வண்டிப்பெரியாருக்கு மிக நெருக்கமானது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்த இவ்வூர் வழியே புல்மேட்டுக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள், மகர சங்கராந்தி மாலையில் பொன்னம்பலமேட்டில் மும்முறை தெரியும் ஒளிக்காகக் காத்திருப்பார்கள். சபரிமலையில் திருவாபரணம் சாத்தித் தீபாராதனை நடக்கும் வேளை அது.

மகரஜோதி வானில் உதிக்கும் விண்மீன், பொன்னம்பலமேட்டில் தெரியும் மகரவிளக்கோ மனிதர் ஏற்றுவது என்று சபரிமலைத் தந்திரி கண்டரரு மகேஸ்வரரு 2008-இல் விளக்கினார். 2011 ஜனவரி 14 இரவு, அந்த ஒளியைக் கண்டு திரும்பியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் புல்மேட்டு நெரிசலில் மாண்டனர். தமிழகத்தவரும் அதில் உண்டு. அதன்பின் கேரள உயர்நீதிமன்றம் ஒளியின் மூலத்தைக் கேட்டது. அது ஏற்றப்படுவதே என்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அதே ஆண்டு ஒப்புக்கொண்டது.

கைபடாத ஒளியும் இயற்கையில் உண்டு. அதற்கு நெருக்கமான ஒன்றை ஆய்வகத்திலேயே காணலாம். புரோலின் போன்ற அமினோ அமிலத்தை ஒரு ருத்தேனியம் சேர்மத்தோடு கரைசலில் வைத்து மின்முனையில் ஆக்சிஜனேற்றம் செய்தால், செம்மஞ்சள் ஒளி பிறக்கிறது. எலக்ட்ரானை இழந்த அமிலம் ஒரு புரோட்டானையும் இழந்து, இன்னோர் எலக்ட்ரானை ஆக்சிஜனேற்றமடைந்த ருத்தேனியத்துக்குக் கொடுத்து அதைக் கிளர்த்துகிறது. கிளர்ந்த ருத்தேனியம் தணியும்போது அதன் ஆற்றல் ஒளியாகிறது. அங்கே தீயில்லை, சூடில்லை. ஆய்வகத்தில் மின்முனையை வைக்கவாவது ஒரு கை வேண்டும். உயிருடலுக்கு அதுவும் வேண்டாம். வினைமிகு ஆக்சிஜன் கொழுப்பையும் புரதத்தையும் தாக்க, உடல் ஓயாமல் மங்கலாக ஒளிர்கிறது. கண்ணுக்கு எட்டும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கான அந்த ஒளியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் படமாக்கி வெளியிட்டனர்.

தானே தோன்றுவதே தெய்வீகத்தின் இலக்கணம் என்றால், இப்படி ஒளிரும் உயிருள்ள எதுவும், முளைக்கும் விதையும்கூட, சந்நிதியாகும். உடலைக் கோயிலாகக் கண்ட திருமூலர் மரபுக்கு அதில் சங்கடமில்லை. ஆனால் அம்மரபு போற்றுவது அருளை, வேதிவினையை அல்ல. மறுபக்கம் திருவண்ணாமலை. 2,668 அடி உயர மலையுச்சியில் நெய்யும் திரியும் இட்டுப் பர்வதராஜ குலத்தார் கார்த்திகை தீபம் ஏற்றுவதை ஊரே அறியும். பக்தி அதனால் ஓர் இம்மியும் குறைந்ததில்லை. ஆக, கைபடாமை புனிதத்துக்குத் தேவையும் அல்ல, போதுமானதும் அல்ல. ஒளிக்குப் புனிதம் தருவது வழிபாடு; காரணத்தை மறைப்பதால் அது வளர்வதில்லை, வழிபடுவோர் மீதான மரியாதைதான் குறைகிறது.

மறைப்பில் இன்னொரு இழப்பும் உண்டு. பொன்னம்பலமேட்டில் விளக்கேற்றியது தங்கள் முன்னோர் வழக்கம் என்று மலை அரையர் சமூகத்தார் உரிமை கோருகின்றனர். ஒளி தானே தோன்றுகிறது என்று பக்தர்கள் நம்பியிருந்தவரை, ஏற்றிய கை யாருடையது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை.