கையளவுப் பேழையும் கடலளவு அவாவும்

அருகப் பெருமான் திருவடிகளைப் பணிந்து தொடங்குகின்றேன்.

அறநெறி போற்றும் சிராவக, சிராவகியரே! இவ்விதழில் யான் எடுத்துக்கொண்ட பொருள் தங்களுட் சிலருக்கு வியப்பளிக்கலாம். கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டால் நாம் செய்யத் தக்கது யாது என்பதே அப்பொருள். 'இதனைக் கடைக்காரரிடம் கேட்டறிதல் போதாதோ? அறவுரையில் இதற்கு என்ன இடம்?' எனத் தாங்கள் வினவக்கூடும். என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுகின்றேன். அதன்பின் தாங்களே முடிவு செய்யுங்கள்.

என் அன்னையார் தம் 84ஆம் அகவை வரை, ஞாயிறு மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு, திருவிளக்கின் முன் அமர்ந்து நேமிநாத சுவாமியின் மீது ஒரு துதி பாடும் வழக்கம் உடையவர். அப்பாடல் அவர்தம் அன்னையிடம் செவிவழிக் கற்றது. எந்நூலிலும் அச்சேறியதில்லை. பத்துச் செய்யுட்கள் கொண்டது என்று மட்டும் அறிவோம். ஒருநாள் மாலை என் மகன், "பாட்டி, நீங்கள் பாடுங்கள், நான் பதிவு செய்துகொள்கிறேன்" என்று கைப்பேசியை எடுத்தான். முதற் செய்யுள் முடிந்து இரண்டாவது தொடங்கும்போது கருவி நின்றது. 'இடம் இல்லை' என்று திரையில் தோன்றிற்று. அவன் பதற்றத்துடன் எதை நீக்குவது, எதை விடுவது என்று தேடிக்கொண்டிருந்தான். அன்னையாரோ சிரித்து, "அதற்கென்னப்பா, நாளைக்குப் பாடுகிறேன்" என்று கூறி எழுந்துவிட்டார். அந்த நாளை வரவில்லை. அன்றிரவே பக்கவாதம் தாக்கிற்று. நாவெழாத நிலையில் ஏழு திங்கள் வாழ்ந்து, அமைதியாக உயிர் நீத்தார். அப்பாடலில் இன்று எங்களிடம் எஞ்சியிருப்பது நாற்பது நொடிகளே.

பின்னர் அக்கைப்பேசியைத் திறந்து பார்த்தோம். காலை வணக்கம் கூறும் மலர்ப் படங்கள், ஒரே காட்சியைப் பன்னிரு முறை எடுத்த நிழற்படங்கள், யாரோ யாருக்கோ அனுப்பி எங்கெங்கோ சுற்றி வந்த காணொளிகள் ஆகியவை ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் நாங்கள் விரும்பிக் கேட்டதில்லை. வேண்டாதவை அனைத்திற்கும் இடம் இருந்தது; வேண்டிய ஒன்றிற்கு இடம் இல்லாமற் போயிற்று. அன்பர்களே! இதனை அறவுரைக்குப் புறம்பான செய்தி என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஊற்றும் செறிப்பும்

நம் ஆசாரியர்கள் வினையின் இயல்பை விளக்குங்கால் ஓட்டைப் படகை உவமையாகக் காட்டுவர். ஓட்டை வழியே நீர் புகுதல் ஊற்று எனப்படும். புகுந்த நீர் தங்கிப் படகை அழுத்துதல் கட்டு எனப்படும். ஓட்டையை அடைத்தல் செறிப்பு. உட்புகுந்த நீரை இறைத்தல் உதிர்ப்பு. ஓட்டையை அடையாமல் நீரை மட்டும் இறைப்பவன் இரவெல்லாம் இறைத்தாலும் கரை சேரான்.

கைப்பேசி நிரம்பியவுடன் நாம் செய்வது யாது? இறைக்கத் தொடங்குகின்றோம். சில படங்களை நீக்குகின்றோம்; சில செயலிகளை அகற்றுகின்றோம். மூன்று நாட்களில் மீண்டும் நிரம்பிவிடுகின்றது. ஏனெனில் ஓட்டை திறந்தே கிடக்கின்றது. வாட்ஸ்அப் முதலிய செயலிகளில், குழுக்களுக்கு வரும் படங்களும் காணொளிகளும் நாம் தொடாமலே தாமாக இறங்கிச் சேரும் ஏற்பாடு ஒன்று உள்ளது. அதனை முதலில் நிறுத்துதல் வேண்டும். அமைப்புகளில் 'சேமிப்பிடமும் தரவும்' என்னும் பகுதிக்குச் சென்று, தானாக இறங்குதலை அணைத்துவிட்டால், நாம் தொட்டு விரும்பியது மட்டுமே உட்புகும். இதுவே செறிப்பு. ஒருமுறை செய்தால் நாடோறும் பயன் தருவது.

வினையின் உதிர்ப்பை நம் நூல்கள் இருவகையாகப் பகுக்கின்றன. மரத்திற் கனிந்த பழம் தானே உதிர்வது போல, வினை தன் பயனைத் தந்து தானாக நீங்குதல் ஒன்று. தவத்தால் முயன்று, காலத்திற்கு முன்னரே நீக்குதல் மற்றொன்று. வாட்ஸ்அப் செயலியில், 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் எனக் கெடு வைத்தால், புதிதாக வரும் செய்திகள் அக்கெடு முடிந்ததும் உரையாடலிலிருந்து தாமே மறையும் வசதி உண்டு. இது முதல் வகையை ஒத்தது, எளியது. ஆயினும் பழையன உதிரும்போதே புதியன வந்து சேர்வதால், இவ்வகை உதிர்ப்பினால் மட்டும் எவ்வுயிரும் வீடு பெற்றதில்லை என்பர் நம் பெரியோர். ஆகவே முயன்று நீக்குதலும் வேண்டும். அச்செயலியிலேயே சேமிப்பிடத்தை மேலாளும் பகுதியைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவை எவை, பலமுறை அனுப்பப்பட்டுச் சுற்றி வந்தவை எவை எனத் தனித்தனியே காட்டும். பெரியவற்றினின்று தொடங்குக. சிறு படங்கள் நூற்றை நீக்குவதைக் காட்டிலும், வேண்டாத நெடுங்காணொளி ஒன்றை நீக்குதல் மிகுதியான இடம் தரும்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. நீக்கிய படம் உடனே அழிவதில்லை. பெரும்பாலான கருவிகளில் அது குப்பைக் கூடை போன்ற ஓர் உறையில் ஏறத்தாழ 30 நாட்கள் தங்கியிருக்கும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இட்டால் சேறு அடியிற் படியும். நீர் தெளிந்தது போலத் தோன்றும். கலத்தை அசைத்தால் மீண்டும் கலங்கும். இதனை உபசமம் என்றும், தெளிந்த நீரை வேறு கலத்திற்கு மாற்றிச் சேற்றை அறவே ஒழித்தலை க்ஷயம் என்றும் நம் ஆகமங்கள் பிரித்துரைக்கின்றன. அவ்வுறையையும் காலி செய்த பின்னரே இடம் உண்மையில் பிறக்கும். ஆனால் தவறுதலாக நீக்கியதை மீட்கும் வழியும் அதுவே ஆதலின், ஒருமுறை நிதானமாகப் பார்வையிட்டு அதன்பின் ஒழிப்பதே அறிவுடைமை.

அளவு வகுத்தல்

'இத்துணைத் தொல்லை எதற்கு? 64 ஜிபி போதாதாயின் 256 ஜிபி உள்ள கருவியை வாங்கிவிடலாமே' என்பர் சிலர். வாங்கலாம். வாங்கியவரையும் கண்டிருக்கின்றேன். ஈராண்டில் அதுவும் நிரம்பிற்று. இடம் பெருகும்போது, எடுக்கும் படத்தின் எண்ணிக்கையும், காணொளியின் அளவும், நீக்கத் தயங்கும் மனமும் உடன் பெருகுகின்றன. கூகுள் நிறுவனம் நிழற்படங்களைக் குறைத்த தரத்தில் அளவின்றி இலவசமாக வைத்துக்கொள்ள இடமளித்து வந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளுடன் அவ்வேற்பாடு முடிவுற்றது. அன்று முதல் ஏறுகின்ற படங்கள் மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் பொதுவான 15 ஜிபி இலவச இடத்திற்குள் கணக்கிடப்படுகின்றன. எல்லையற்றது என்று நம்பி வாரிக் குவித்தவர்கள் அன்று திகைத்தார்கள். உலகப் பொருளில் எல்லையற்றது என ஒன்று இல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

'எடையும் உருவும் இல்லாத படங்களைச் சேர்த்தல் எங்ஙனம் பரிக்கிரகம் ஆகும்?' என்று ஓர் இளைஞர் என்னை வினவினார். நல்ல வினா. நிலம், மனை, பொன், தானியம் முதலாகப் புறப்பற்று 10 வகை எனவும், மித்தியாத்துவம் முதலாக அகப்பற்று 14 வகை எனவும் நம் நூல்கள் வகுக்கின்றன. எனினும், உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளின் எடையைக் கூறவில்லை, அளவையும் கூறவில்லை. மூர்ச்சை எனப்படும் பற்றுமயக்கத்தையே கூறினார். ஈராண்டாகத் திறந்தும் பாராத படத்தை நீக்க முற்படும்போது விரல் தயங்குகின்றதே, அத்தயக்கத்தின் பெயர் யாது என்று அவ்விளைஞரைக் கேட்டேன். அவர் மறுமொழி கூறாது நகைத்தார்.

மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் ஆகிய மூன்றுடன் நிற்கும் திகம்பர முனிவர்தம் நிலை நம்மால் எய்தற்கு அரிது. அதனாலன்றோ இல்லறத்தார்க்குப் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை வகுத்தருளினர்! 'இவ்வளவு எனக்குப் போதும். இதற்கு மேல் வேண்டேன்' என முன்னதாகவே அளவு வகுத்துக்கொள்ளுதல் அவ்விரதம். கைப்பேசி நிரம்பி நின்றபோது எங்களுக்கும் ஓர் அளவு வந்து வாய்த்தது. ஆனால் அது கருவி விதித்த அளவு. வேளையறியாது வந்த அளவு. நாமே முன்கூட்டி விதித்துக்கொள்ளும் அளவு விரதமாகின்றது. பிறிதொன்று நம்மேல் விதிக்கும் அளவு துன்பமாகின்றது.

ஆதலின், கருவியின் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும் எந்நாளும் வெறுமையாக வைப்பது என்று எம் இல்லத்தில் உறுதி பூண்டோம். இதற்குக் கருவியின் இயல்பிலும் காரணம் உண்டு. கைப்பேசியின் நினைவகம் எழுதிய இடத்தின் மேலேயே நேராக மீண்டும் எழுத இயலாதது. ஒரு தொகுதியை முழுதும் அழித்த பின்னரே அங்குப் புதிதாக எழுதும். வெற்றிடம் குறையக் குறைய, இருப்பவற்றை இடம் பெயர்த்து அழித்து எழுதும் வேலை பெருகிக் கருவி தளர்கின்றது. நிரம்பிய உள்ளமும் அவ்வாறே நல்லுரை ஒன்றையும் ஏற்கும் வலியற்றுப் போகின்றது.

காக்க வேண்டியதைக் காத்தல்

துறத்தல் ஒன்றையே கூறி முடித்தேனாயின் பாதியே கூறியவனாவேன். எல்லாவற்றையும் ஒருசேர நீக்குதல் துறவாகாது, அது கவனமின்மை. சௌராட்டிரத்துக் கிரிநகரின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியரை நினையுங்கள். செவிவழி வந்த ஆகம அறிவு நினைவாற்றல் குன்றிய காலத்தில் அழிந்துவிடுமே என அஞ்சி, தென்னாட்டினின்று இரு முனிவரை வருவித்துத் தாம் அறிந்ததைக் கற்பித்தார். புட்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவரும் ஆக்கியதே ஷட்கண்டாகமம். அது நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாக இன்றும் கொண்டாடுகின்றோம். அந்நூல் மீது வீரசேனர் இயற்றிய தவள உரையின் ஏடுகள் கருநாடகத்து மூடபித்ரியில் பன்னூறு ஆண்டுகள் காக்கப்பட்டன. பின்னர்ப் படியெடுக்கப்பட்டு, 1939ஆம் ஆண்டு முதல் அச்சேறின. ஒன்றும் வேண்டாத முனிவர்கள், அறிவு ஒன்றைக் காக்க எத்துணைப் பாடுபட்டனர்! நாற்பது நொடியை நினைக்குந்தோறும் தரசேனரின் அச்சம் எனக்கு விளங்குகின்றது.

ஆகவே, தங்கள் இல்லத்து முதியோர் அறிந்த துதிகள், ஊர்ச் சினாலய வரலாறுகள், விழா முறைகள் முதலியவற்றை இன்றே பதிவு செய்யுங்கள். இடம் குறைவெனின் குரலை மட்டும் பதியுங்கள். தெளிவான காணொளி ஒரு நிமிடத்திற்கு 60 முதல் 130 எம்பி வரை கொள்ளும். குரற்பதிவோ நல்ல தரத்திலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்பியே கொள்ளும். ஒரு நிமிடக் காணொளியின் இடத்தில் ஒரு மணி நேரத் துதி அடங்கும்! பதிந்ததை அன்றே வேறிரண்டு இடங்களிற் படியெடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறுகின்றேன். கூகுள் போட்டோஸ் போன்றவற்றில், மேகச் சேமிப்பில் ஏற்றியிருக்கிறோமே என்று எண்ணிக் கைப்பேசியில் படத்தை நீக்கினால், இரண்டிடத்தும் நீங்கிவிடக்கூடும். கருவியில் உள்ள படியை மட்டும் அகற்ற, இடத்தை விடுவிக்கும் வசதி அச்செயலியில் தனியே உள்ளது. அதனையே பயன்படுத்துக. செயலிகளில் தற்காலிகமாகச் சேர்ந்த கோப்புகளை நீக்குவதால் தீங்கில்லை. ஆனால் 'தரவு அனைத்தையும் நீக்கு' என்பதைத் தொடுமுன் பன்முறை எண்ணுக.

அறவோர்களே! பாத்திரபத வளர்பிறை ஐந்தாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை தசலட்சண பருவம் நிகழும். அதன் எட்டாம் நாளுக்குரியது தியாகம். ஒன்பதாம் நாளுக்குரியது ஆகிஞ்சன்யம், அதாவது 'எனது' என்னும் எண்ணம் அறுதல். எட்டாம் நாள், குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கமர்ந்து தத்தம் கைப்பேசிகளில் வேண்டாதவற்றை நீக்குங்கள். ஒன்பதாம் நாள், நீக்கியவற்றுள் எதற்காக மனம் வருந்திற்று என்று தனித்திருந்து ஆராயுங்கள். வருத்தம் எழுந்த இடத்தில் பற்று ஒளிந்திருக்கும். நாடோறும் மாலையில் பிரதிக்கிரமணம் செய்வோர், அன்றைய பிழைகளை எண்ணித் திரும்பும் வேளைக்கு முன், அன்று வந்து சேர்ந்தவற்றையும் ஐந்து நிமிடம் நோக்கிக் களைந்துவிடலாம்.

அன்னையாரின் நாற்பது நொடி இப்போது எங்கள் குடும்பத்தார் மூவரிடம் உள்ளது. அதைக் கேட்ட என் தமக்கையார், இரண்டாம் செய்யுளின் ஈரடிகளை நினைவுகூர்ந்து பாடினார். அதனையும் பதிந்துகொண்டோம். இப்பொழுது இடம் இருந்தது.

அறம் வளர்க! அவா அறுக!