தாமரை செய்த சபதம்

நாடகத்தில் சபதம் என்றதும் நமக்குப் பாஞ்சாலியின் விரித்த கூந்தல்தான் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டுக்குச் சொந்தமாக இன்னொரு சபதம் உண்டு. உடுக்கைப் பாட்டில் இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில், அந்த அண்ணன்மாரான பொன்னர், சங்கர் இருவரின் தாய் தாமரை செய்தது அது.

பிள்ளை இல்லாதவளாகப் பிறந்த வீட்டுக்குப் போகிறாள் தாமரை. வாசலிலேயே அவமானப்பட்டுத் திரும்புகிறாள். எனக்குப் பிள்ளைகள் பிறப்பார்கள், உங்கள் பெண்களையே கட்டுவார்கள், ஆனால் கூடி வாழ மாட்டார்கள் என்று சூளுரைக்கிறாள். பிற்பாடு அப்படியே நடக்கிறது. தாலி கட்டிய கையோடு அண்ணன்மார் விலகிவிடுகிறார்கள். கடைசிவரை மனைவியர் முகம் பார்ப்பதில்லை.

பாஞ்சாலியின் சபதத்துக்கு விலை கொடுத்தவன் குற்றவாளியான துச்சாதனன். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் இப்போலிட்டஸ், கொடுத்த சத்தியத்தை மீறாமல் வாய்மூடி நின்று தன் உயிரையே கொடுக்கிறான். இங்கேயோ, வாசலில் நடந்தது எதுவும் அறியாத இரண்டு பெண்கள் ஆயுள் முழுக்க விலை கொடுக்கிறார்கள். கொங்கில் மாமன் மகள் உரிமைப் பெண். அந்த உரிமையே தண்டனையாகிவிடுகிறது. தாமரையின் வலி நியாயமானது. தீர்ப்பு நியாயமானதல்ல. கதையைப் பாடியவர்கள் அதை மறைக்காமல் பாடிவைத்தார்களே, அதுதான் பெரிது!

மாசித் திருவிழாவில், அண்ணன்மார் போரில் விழுந்ததை நடித்துக்காட்டும் வீரப்பூர்ப் படுகளம் பார்க்கப் போனால், விழுந்த வீரர்களையும் அவர்களை எழுப்பும் அண்ணன்மாரின் தங்கை தங்காளையும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அந்த இரண்டு மனைவியரின் பெயரையும் பாட்டுக்காரரிடம் கேட்டு வாருங்கள்.