மூடும் நாளுக்கு யார் பணம் கட்டுவது?

கனிமம் பூமித்தாய் தந்த கொடை என்கிறோம். பூசை போட்டுவிட்டு வெடி வைக்கிறோம். கொடுத்தவர் யாருமில்லை. பல கோடி ஆண்டு வேதியியல், அவ்வளவுதான். ஆனால் கொடை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு: கணக்குக் கேட்க ஆளிருக்காது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது முதல் 2001 பிப்ரவரியில் மூடும்வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் மேலே வந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே சுடும் இடத்தில் அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்து போன தலித் தமிழர்கள். பாறைத்தூள் படிந்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள் ஏராளம். 1902இலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கும் முன்பாக. ஊருக்காக வந்ததல்ல, சுரங்கத்துக்காக வந்தது. கேள்வி கேட்கத் தெரியாத ஊருமல்ல அது: சாதியைக் கேள்வி கேட்ட தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை, அவர் வழிவந்த அப்பாதுரையார் 1926இல் மீண்டும் தொடங்கியது அங்கேதான்.

இப்போது ‘நீடித்த சுரங்கத் தொழில்’ என்கிறார்கள். வெட்டிய தாது மறுபடி முளைக்காது. நீடிக்க வேண்டியது ஊர். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென மாவட்டக் கனிம நிதி கொண்டுவந்தார்கள், நல்லதுதான். ஆனால் அது, வெட்டியெடுக்கும் தாதுவுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு (ராயல்டி) சேர்ந்து வரும் பணம். சுரங்கம் ஓடினால் வரும், நின்றால் நிற்கும். ஊருக்குப் பணம் தேவைப்படுவதோ நின்ற மறுநாள்தான். மூடும் செலவுக்குப் பிணையாகப் பெரிய சுரங்கங்கள் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும். மூன்று கிலோமீட்டர் கீழே போகும் குழியை ஹெக்டேரில் அளக்கிற மேதைமையை என்ன சொல்ல!

நார்வே தன் எண்ணெய்ப் பணத்தை நிதியத்தில் போட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் மட்டும் செலவழிப்பதை விதியாக வைத்திருக்கிறது. நாம் சொத்தை விற்ற காசை வருமானம் என்று எழுதிக்கொள்கிறோம். கனிம நிதியில் பாதியைச் சுரங்கம் மூடும்வரை தொடக்கூடாது என்று சட்டம் போட்டால் எந்த முதலீட்டாளர் ஓடிவிடுவார்? ஓடுகிறவர் ஓடட்டும், தாது எங்கும் போகாது.

தங்கவயலில் மிஞ்சியவை, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகள். காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வரும். அவற்றில் 13 மேடுகளிலிருந்து மிச்சத் தங்கம் எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தத் தூளைச் சுவாசித்தவர்கள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த மேடுகளை ஏலம் விடும் நிபந்தனையில் அவர்கள் பங்கை முதல் வரியாக எழுதச் சொன்னால் அதில் என்ன அநியாயம்?