அடிபட்ட தலையின் சாட்சி

‘அனுபவ உண்மை’ என்ற பிரயோகத்தை நம் வட்டத்தில் நாம் மிகவும் தாராளமாகவே கையாண்டு வந்திருக்கிறோம். ஒரு கதையை நிராகரிக்க அதுவே போதுமாயிருந்தது. ஒரு கவிதையைத் தூக்கிப் பிடிக்கவும் அதுவே. எழுதியவன் பார்த்திருக்கிறான், பட்டிருக்கிறான் என்பது வரிகளில் தெரிகிறது என்போம். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் துல்லியத்தைச் சுட்டிக் காட்டுவோம் - ஒரு நிறம், ஓர் ஓசை, ஒரு சட்டைப் பொத்தான். நானும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பல பேரை அடித்திருக்கிறேன். இனிமேல் அதை நம்பி எடுக்க என்னால் ஆகாது. காரணம் இலக்கியத்தைச் சேர்ந்ததல்ல; என் மண்டையைச் சேர்ந்தது.

1979-ல், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரம் தாண்டி, நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். பின்னால் என் அத்தான். எதிரே, கதம்பை மூட்டை ஏற்றிய சைக்கிளில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன். மோதினோம். அத்தானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. எனக்கு வெளிக்காயம் என்று சொல்ல ஏதுமில்லை, காதுக்கு மேல் ஒரு வீக்கம் தவிர.

‘மோதினோம்’ என்று எழுதிவிட்டேன். அதுவே சரியில்லை. தெப்பக்குளத்தைக் கடந்தது எனக்குத் தெரியும். அதற்கடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பல்லி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதாவது ராத்திரியாகிவிட்டது. இடையில் நாலு மணி நேரம். அவ்வளவு நேரமும் நான் மயங்கிக் கிடக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேனாம். தண்ணீர் கேட்டேனாம். டாக்ஸியில் நானே ஏறினேனாம். ‘வண்டி எங்கே?’ என்ற ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டு அத்தானைக் கதிகலங்க வைத்தேனாம். இந்த ‘ஆம்’ இல்லாமல் அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி நான் ஒரு வாக்கியம் எழுத முடியாது. என் சரித்திரத்தில் நானே படர்க்கையாகிப் போன இடம் அது.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பில் கீறல் இல்லை, கன்கஷன்தான் என்றார். லத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்கு உலுக்குதல் என்று பொருள். மூளை அதிர்ச்சி என்று நாம் மொழிபெயர்த்திருக்கிறோம். ஏதோ துக்கச் செய்தி கேட்டவன் நிலை மாதிரி ஒலிக்கிறது. உலுக்கல் என்பதே நிஜத்துக்குப் பக்கம். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிற மெத்தென்ற வஸ்து மூளை. 1943-ல், ஆக்ஸ்ஃபோர்டில், ஹோல்போர்ன் என்ற பௌதிக விஞ்ஞானி மண்டையோட்டின் உருவில் ஜெலாட்டினை வார்த்து உலுக்கிப் பார்த்து, தலை நேர்க்கோட்டில் தள்ளப்படும்போது அல்ல, சுழலும்போதுதான் உள்ளிருப்பது ஒன்றன் மேலொன்று நழுவி இழுபடுகிறது என்றார். இழுபடுபவை நரம்பணுக்களின் நீண்ட இழைகள். பெரும்பாலும் அவை அறுவதில்லை. ஆனால் அணுக்களின் சுவர் ஒழுக ஆரம்பிக்கிறது. பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சீர்செய்ய அணுக்களுக்கு அளவுக்கு மீறிச் சக்தி தேவைப்படுகிற அதே சமயத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது - வீடு பற்றி எரியும்போது குழாயில் தண்ணீர் நின்ற மாதிரி. கீஸாவும் ஹோவ்டாவும் 2001-ல் இதைக் கோர்வையாக விவரித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி. ஸ்கேனிலும் அநேகமாகத் தெரியாது. மீண்டும் மீண்டும் குத்து வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் மூளை நாளடைவில் குலைந்து போவதை நியூஆர்க்கில் மார்ட்லண்ட் என்ற டாக்டர் 1928-லேயே எழுதினார். அது வேறு கதை, இதைவிடக் கொடியது. எனக்கு விழுந்தது ஒரே அடி.

ஆறு வாரம் புரூஃப் பார்க்க முடியவில்லை, எழுத்துக்கள் நீந்தின. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு ஒருநாள் அழுதேன். அந்த நாட்களில்தான் அத்தான் தினமும் சாயங்காலம் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார். அவர் வக்கீல் குமாஸ்தா. “மாப்ளே, நீ ஓரமாத்தான் போனே. பய சுமையோட தடுமாறி நம்ம மேல வந்து விழுந்தான். நீலச் சட்டை. நான் கண்ணால பாத்தேன்லா.” முதல் சில நாட்கள் இது எனக்கு அவர் சொன்ன விஷயமாகவே இருந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, நான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். முன் சக்கரம் ஒடிந்து திரும்புவதை, கதம்பை மூட்டை சாய்வதை, நீலச் சட்டையை. எந்த நினைவையும்போல அதுவும் பின்னாலிருந்து, தானாக, கேட்காமலே வந்தது. ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது.

பையனின் அப்பா நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டார். அந்நாளில் தப்பு யார் பேரில் என்பதைப் பொறுத்தே பணம். பையனை விசாரித்தபோது, ‘ஒண்ணும் ஓர்மையில்ல’ என்றான். நான் கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் செய்து, அவன் குறுக்கே வந்ததைச் சொன்னேன். சட்டை நிறத்தையும் சொன்னேன். 1981-ல் மனு தள்ளுபடியாயிற்று. ஒருவன் தனக்குள் ஒன்றுமில்லை என்று உள்ளபடியே சொன்னான், தோற்றான். இன்னொருவன் துல்லியமாக வர்ணித்தான், ஜெயித்தான். நம் விமர்சனக் கட்டுரைகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அதற்கு மறுவருஷம் அதே சாலையில், அதே வளைவில், சாயா குடிக்க நின்றேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். விழுந்த நிமிஷமே ஓடிவந்து தூக்கியது அவர்தானாம். “நீங்கதான சாரே சொன்னிய, ‘பய ஓரமாட்டுதான் வந்தான், நாந்தான் ஏறிட்டேன்’னு. அஞ்சு நிமிஷம் களிச்சு நான் தண்ணி கொண்டாந்து தந்தா, ‘வண்டி எங்க’ன்னு கேக்கிய.” பையன் சட்டை போட்டிருந்தானா என்று கேட்டேன். “சட்டையா? தோளில ஒரு துவர்த்துதான் கிடந்து.”

அத்தானிடம் போனேன். “அடிபட்ட தலை ஆயிரம் சொல்லும், அதெல்லாம் சாட்சியா?” என்றார். வெகுகாலம் நான் இந்த வாக்கியத்தில் ஒதுங்கியிருந்தேன். பிறகுதான், யார்னெல், லிஞ்ச் என்ற இருவர் 1970-ல் வெளியிட்ட சிறு அறிக்கை ஒன்று என் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் தலையில் அடிபட்ட ஆட்டக்காரர்களை, அடிபட்ட கையோடு, ஓரத்திலேயே விசாரித்திருக்கிறார்கள். என்ன ஆட்டம் ஆடினோம், எப்படி மோதினோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சில நிமிஷங்கள் கழித்து அதையே கேட்டபோது அவர்களிடம் ஒன்றுமில்லை. மோதலுக்கு முந்தின கணங்கள் உள்ளே பதிவாகத்தான் செய்கின்றன. ஆனால் பதிந்தது இறுகக் கொஞ்ச நேரம் வேண்டும், அந்த அவகாசத்தைத்தான் அடி பறித்துக்கொள்கிறது. அதாவது சில நிமிஷ நேரம் அந்தத் தலையில் உண்மை இருக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பவனுக்கே அது கிடைக்கும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சாயாக்கடைக்காரர்.

அவர் சொன்னது சரிதான் என்று நிறுவ என்னால் முடியாது. மூன்று வருஷத்தில் அவர் ஞாபகத்திலும் எதுவேனும் கலந்திருக்கலாம். தலையில் அடியே படாதவர்களின் கதி என்ன என்பதை லாஃப்டஸும் பாமரும் 1974-ல் காட்டினார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று ஐம்பது பேரிடமும், ‘மோதியபோது’ என்ன வேகம் என்று ஐம்பது பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. முதல் ஐம்பதில் 16 பேர், அடுத்த ஐம்பதில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு வினைச்சொல்லுக்கே இப்படியென்றால், தினமும் சாயங்காலம் கட்டிலோரம் வந்து உட்கார்ந்த அன்புக்கு எம்மாத்திரம்?

மாண்டேய்ன் இதை நானூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பே பட்டிருக்கிறார். 1580-ல் வந்த கட்டுரைத் தொகுதியில், தன் ஆள் ஒருவன் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்த பெரிய குதிரை தன்னையும் தன் சிறு குதிரையையும் உருட்டித் தள்ளியதைச் சொல்கிறார். செத்தார் என்றே தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில், எதிரே தடுமாறி வரும் மனைவிக்குக் குதிரை கொடுக்கச் சொல்கிறார். தான் அப்படிச் சொன்னதே அவருக்குத் தெரியாது. அந்தச் சொற்கள் தன்னிடமிருந்து வந்தவையல்ல என்கிறார். எல்லோரும் இந்த இடத்தை மரண பயம் தெளிந்ததற்காக மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விழுந்த விதத்தை வீட்டார் அவரிடம் மறைத்து, வேறு வேறு காரணங்களைக் கற்பித்துச் சொல்லியிருக்கிறார்கள் - மோதிய ஆளைக் காப்பாற்ற. அப்புறம் ஒருநாள், அந்தக் குதிரை தன்மேல் பாய்ந்து வருவது மின்னல் வெட்டினாற்போல் அவருக்கு நினைவு வந்துவிடுகிறது. அவர் அதிருஷ்டசாலி. எனக்கு எந்த மின்னலும் வெட்டவில்லை. நீலச் சட்டைதான் இன்றும் வருகிறது. பொய்யென்று தெரிந்தும் அதன் நிறம் மங்கவில்லை.

ஒருவன் தன் பிரக்ஞையால் எட்டிப் பிடிக்க முடிகிற மட்டும்தான் அவன் அவனாகிறான் என்றார் லாக், 1694-ல். அந்தக் கணக்கில் சாலையோரம் உட்கார்ந்து ‘நாந்தான் ஏறிட்டேன்’ என்று சொன்னவன் நானல்ல. கூண்டில் ஏறியவனே நான். உண்மை பேசியவன் யாரோ, பொய் பேசியவன் நான் என்றாகிறது. தத்துவரீதியில் இதை மறுக்க வழிகள் உண்டு. மறுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முதல் மனிதனை ‘நான்’ என்று உரிமை கொண்டாட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனுக்குக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. மானம், வழக்கு, அத்தான், ஏதும் நினைவில் ஏறுமுன்பே பேசிவிட்டான்.

கூண்டில் நான் பொய் சொல்லவில்லை, சொன்னது பொய். இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் நண்பர்கள் தலையாட்டுவார்கள். நானே ஒருகாலத்தில் இதோடு திருப்திப்பட்டிருப்பேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். பல்லியைப் பார்த்தபடி கண் விழித்தபோது என்னிடம் ஒன்றுமில்லை என்பதை நான் அறிந்திருந்தேன். அந்த அறிவு எங்கும் போய்விடவில்லை; கூண்டில் ஏறியபோதும் இருந்தது. படம் எனக்குச் சாதகமாக இருந்தபடியால் அதை யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. பாதகமாக ஒரு படம் வந்திருந்தால் கேட்டிருப்பேன். அடி மூளையில் பட்டது. இதை அடியின் கணக்கில் எழுத முடியாது.

அத்தான் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடலாம்.

1983-ல் பையனைத் தேடிப் போனேன். வாடகை சைக்கிள் கடையில் வேலை. ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தான். கொண்டுபோன பணத்தை எப்படி எடுப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அவனே பேசினான். “சாருக்குத் தல வலி எல்லாம் மாறிச்சா?” மாறிவிட்டது என்றேன். “நாந்தானே சாரே குறுக்க வந்து சாடினேன். அப்பனுக்குச் சொன்னா மனசிலாவல்ல.” உனக்கு ஒன்றும் ஓர்மையில்லை என்றுதானே அன்று சொன்னாய் என்று கேட்டேன். “அப்பம் இல்ல. கோர்ட்டுல நீங்க சொல்லக் கேட்ட பொறவு எல்லாம் வந்துட்டு.” சாயாக்கடைக்காரர் சொன்னதை அவனிடம் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். என் தலை இன்னும் முழுக்கத் தேறவில்லை என்று எண்ணினானோ என்னவோ, இரக்கமாகப் பார்த்தான்.

“இல்ல சாரே, அவருக்கு மாறிப்போச்சு” என்றான். “நான் அண்ணைக்கு நீலச் சட்டையாக்கும் போட்டிருந்தேன்.”