பாதிக் கூடை

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது லாஃப்டிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினேன். உள்ளே பாதிக் கூடை. கரும்பச்சையும் சந்தன நிறமும் கலந்த ஒயர். அடி முழுதாக முடிந்து, சுவர் எட்டு வரிசை எழும்பியிருந்தது. அதற்கு மேல் பின்னாத ஒயர்கள் நாலா பக்கமும் விரிந்து நின்றன. கூடைக்குள்ளேயே கத்தரிக்கோல் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எதற்கோ எழுந்து போன நான், திரும்பி வந்து உட்காரவே இல்லை.

அம்மாவுக்காக ஆரம்பித்தது அது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தேங்காய், ஒரு சீப்புப் பழம், எண்ணெய்ப் பாட்டில், பூ எல்லாம் சாயாமல் நிற்க வேண்டும் என்று இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினாள். மூன்று ரோல் வாங்கினேன். பிறகு அம்மாவுக்கு முழங்கால் போயிற்று. அண்ணன் வீட்டு மாடியில், அலமாரியில் இருக்கும் சாமிக்கே விளக்கேற்றிக்கொள்கிறாள். கூடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் நிறுத்துவதாக முடிவெடுக்கவில்லை.

பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முடிப்பதா, விடுவதா?

இதற்கு முன் ஒரு கூடை இதேபோல் நின்றிருக்கிறது. அது நெல்லிக்காய் முடிச்சு போட்ட கூடை. மூலையில் திரும்பும் இடத்தில் நெல்லிக்காய் வரிசை ஒன்று தள்ளியே வந்தது. பிரித்தேன், போட்டேன், மறுபடி பிரித்தேன். மூன்று மாதம் சுவரோரம் கிடந்தது. போகிறபோதும் வருகிறபோதும் கண் அந்த மூலைக்கே போகும். தெருவில் கூடை போடுகிற அக்கா ஒருத்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இந்தா, இங்கதான் ஒரு ஒயரைத் தாண்டிட்ட” என்று விரல் வைத்தாள். அன்றைக்கு ராத்திரியே கூடையின் வாயை மடக்கி முடித்துவிட்டேன்.

அந்தக் கூடை எங்கே நின்றது என்று அப்போது யார் கேட்டிருந்தாலும் விரல் வைத்துக் காட்டியிருப்பேன். மடியில் இருக்கும் இந்தக் கூடையில் அப்படி ஓர் இடமே இல்லை. தப்பு முடிச்சு இல்லை, ஒயர் தீரவில்லை, அடுத்த வரிசை எப்படி என்று கை மறக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் மூன்று வருஷம் நான் உட்காரவில்லை. சிக்கலில் நின்ற வேலையை எத்தனை நாள் ஆனாலும் விடக்கூடாது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். சிக்கலே இல்லாமல் நின்றுபோன வேலை வேறு. அது என்னை விட்டுப் போய் நாளாகிவிட்டது. ஒத்துக்கொள்ள எனக்குத்தான் மனசில்லை.

பாதிக் கிணறு தாண்டாதே என்று சொல்லியே வளர்த்தார்கள். கிணற்றின் நடுவில் நிற்க முடியாது, விழத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கூடையிலிருந்து யார் விழப்போகிறார்கள்?

பாதியில் நின்றது என்றால் எனக்குக் கழுகுமலைதான் நினைவுக்கு வரும். கோவில்பட்டியிலிருந்து போய்வருகிற தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வெட்டுவான் கோயிலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதி முடியவில்லை. தந்தையும் மகனுமான இரண்டு சிற்பிகளின் கதையை ஊரில் காரணமாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், மேலே விமானம் முழுமையாக நிற்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் கையில் இன்னும் தாளம் இருக்கிறது. மேலிருந்து செதுக்கியதால், உளி எங்கே நின்றாலும் அதுவரை செய்தது மிஞ்சும்.

கூடைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது அடியிலிருந்து ஏறுவது. வாய் மடக்கி, நுனிகளை உள்ளே சொருகி, கைப்பிடி போடும்வரை அதில் ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூட எடுத்துப் போக முடியாது. இனி அதை முடிக்க ஒரு வாரச் சாயங்காலம் முழுக்கத் தர வேண்டும். யாருக்காக? போட்ட காசுக்காகவும் பின்னிய எட்டு வரிசைக்காகவும் என்றால், அவை போனது போனதுதான். இன்னும் பத்து வரிசை பின்னினாலும் திரும்பி வராது.

அதைவிட ஒன்று உறைத்தது. இந்த மூன்று வருஷத்தில் நான் வேறொரு கூடையும் தொடங்கவில்லை. ஒயர் கடையைத் தாண்டும்போதெல்லாம், வீட்டில் ஒன்று பாக்கி கிடக்கிறதே என்று நடையைக் கூட்டியிருக்கிறேன். எனக்குப் பிடித்த ஒரே கைவேலையை அந்தப் பை இத்தனை நாளாக வழிமறித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

“ஏட்டி, அதையா இன்னும் வச்சிருக்க? நான் அன்னைக்கே மறந்துட்டேன். பிரிச்சு யாருக்காவது குடு.”

கோணி ஊசியை முடிச்சுக்குள் விட்டு நெம்பி நெம்பிப் பிரித்தேன். பின்னியதைவிடப் பிரிப்பதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டியிருந்தது. முதலில் கை கூசியது. நாலாவது வரிசையில் அது போய்விட்டது. முடிச்சுகள் எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு ஒரே சீராக விழுந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே பிரித்தேன். அம்மா அந்தக் கூடையோடு பிரகாரம் சுற்றி வருவதை நினைத்துக்கொண்டு போட்ட முடிச்சுகள். அந்த நினைப்புக்கு ஒன்றும் குறை வந்துவிடவில்லை.

பிரித்த ஒயர் நெளிநெளியாக இருந்தது. வெந்நீரில் போட்டு நீவினேன். ஓரளவுதான் நிமிர்ந்தது. கட்டாகச் சுற்றி எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தேன். எட்டாவது படிக்கிறாள், இப்போதுதான் கூடை போடக் கற்றுக்கொள்கிறாள்.

“அத்தை, இது ஏன் வளைஞ்சு வளைஞ்சு இருக்கு?”

“முன்னாடி முடிச்சா இருந்துச்சுல்லா, அதான்.”

அவள் ஒயரை என் கையருகே வைத்து நீளம் பார்த்தாள். சின்னக் கூடைக்கு இது தாராளமாகப் போதும். டிபன் பாக்ஸ் வைக்கிற அளவுக்கு அடி போட வேண்டுமாம். பச்சையை நடுவில் வைப்பதா, ஓரத்திலா என்று கேட்டாள்.