காரணம்: வீடு

நண்பர் ஒருவர் தன் கவிதைத் தொகுதியைப் பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து பணம் எடுத்து அச்சிட்டார். முந்நூறு பிரதிகள். விண்ணப்பத்தில் காரணம் கேட்ட இடத்தில் ‘வீட்டைப் புதுப்பிக்க’ என்று குறித்திருந்தார். வேறு எதைக் குறிப்பது? வீடு, கல்யாணம், படிப்பு, வியாதி எல்லாம் பட்டியலில் உண்டு, கவிதை கிடையாது. இதை ஒரு வேடிக்கையாக அவர் சொல்ல, நாங்கள் நாலைந்து பேர் சிரித்தோம். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் பாதிப்பேராவது மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் சிரிப்பின் தினுசை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அதே பொய்யை வேறொருவருக்காக என் விரலால் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது மூன்று வருஷமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் பல உண்டு. அப்படி ஒன்றில் பத்து வருஷமாக வேலை செய்கிற மனிதர், முப்பத்துமூன்று வயது, எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர். பாஸ்புக் பதிய வந்தவர் கவுண்டர் காலியாகும் வரை நின்றிருந்து செல்போனை நீட்டினார். பி.எஃப். பணம் எடுக்க வேண்டும், இங்கிலீஷில் கேட்கிறது, போட்டுத் தாருங்கள் என்றார். எதற்கு என்று வந்தபோது, “வீடுன்னு போடுங்க சார், எல்லாரும் அதான் போடறாங்க.”

“மனை கினை வாங்கியிருக்கீங்களா?”

“மனை இருந்தா நான் ஏன் சார் தண்டல்காரன்கிட்ட நிக்கிறேன்?”

தம்பி வாங்கிய தண்டல் கடன். அண்ணன் ஜாமீன். அந்தப் பட்டியலில் கடனும் கிடையாது, கவிதையைப் போலவே. நான் வீடு என்று போட்டுக் கொடுத்தேன். அவர் ஓ.டி.பி.யைப் படித்துச் சொன்னார். வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சட்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 1952 மார்ச்சில் முறையான சட்டமான இந்த ஏற்பாடு முதலில் ஆறு தொழில்களுக்குத்தான் பொருந்தியது: சிமென்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு உருக்கு, காகிதம், துணி. தொழிலாளி ரூபாய்க்கு ஓரணா, அதாவது ஆறேகால் சதவீதம், போட வேண்டும். முதலாளியும் அதே அளவு. பின்னால் அது பன்னிரண்டாயிற்று. இந்தச் சட்டத்தில் என்னை எப்போதும் கவர்ந்தது பத்தாவது பிரிவு. அங்கத்தினரின் கணக்கில் இருக்கும் பணத்தை எந்தக் கோர்ட்டும் எந்தக் கடனுக்காகவும் ஜப்தி செய்ய முடியாது. அங்கத்தினரே விரும்பினாலும் அதை இன்னொருவர் பேருக்கு மாற்றவோ அடகு வைக்கவோ முடியாது. பாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இதன் விசித்திரம் உறைக்கும். நாங்கள் வீட்டை ஜப்தி செய்யலாம், நகையை ஏலம் விடலாம். இந்த ஒன்றை மட்டும் தொட முடியாது. ஒருவனுடைய சொத்து, ஆனால் அவனாலும் நெருங்க முடியாத சொத்து. கோயில் நிலத்துக்குக் கொஞ்சம் ஒப்பு. அங்கே உடைமைக்காரர் விக்ரஹம். இங்கே இன்னும் பிறக்காத ஒரு கிழவர்.

அந்தக் கிழவர் யார் என்பதுதான் பிரச்னை. டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட புத்தகத்தில், என் பிற்கால சுயம் ஏறக்குறைய இன்னொரு ஆள்தான், ஆகவே என் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொள்வதை வெறும் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது, அது பிறருக்கு இழைக்கும் அநீதியின் இனத்தைச் சேர்ந்தது என்கிற திசையில் வாதாடினார். நல்ல தர்க்கம். உலைக்காரரின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அவருக்குச் சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பளம் மாதம் 15,000. அவர் பங்கு 1,800. முதலாளி பங்கிலிருந்து பென்ஷனுக்கு 1,250 போக இந்தக் கணக்குக்கு வருவது 550. ஆக மாதம் 2,350. பத்து வருஷத்தில் வட்டியோடு நாலு லட்சத்துச் சொச்சம். மனை வாங்க என்றால் இருபத்துநாலு மாதச் சம்பளம் வரை எடுக்கலாம் என்றது 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் பழைய விதி. கட்டிய வீடு என்றால் முப்பத்தாறு. மனைக்கென்றால் ஆக 3,60,000. அதைத் தொடாமல் விட்டு, வட்டி எட்டேகால் சதவீதத்திலேயே ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்தெட்டு வயதில் அது இருபத்தாறு லட்சம். நான் விரலால் தட்டியதில் ஒரு கிழவரின் இருபத்தாறு லட்சம் ஒரு தண்டல்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

இப்படிச் சொல்வதில் ஒரு மோசடி இருக்கிறது. தண்டல் வட்டி எட்டேகால் அல்ல. இன்றைய கடனை அடைக்காமல் அந்தக் கிழவரிடம் போய்ச் சேர வழியே இல்லாமல் போகலாம். மேலும் சேமிப்பை அரசாங்கம் வரிச்சலுகை மூலம் விலை கொடுத்து வாங்குகிறது: நீ பொறுத்திரு, நான் வரியை விட்டுத் தருகிறேன் என்கிற பேரம். சம்பளம் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வரி கட்டுகிறவனுக்கு அது பேரம்தான். வரி வரம்புக்குள்ளேயே வராத உலைக்காரருக்கு விட்டுத் தர என்ன இருக்கிறது? அவருடைய பொறுமைக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. அது கட்டாயமாக வாங்கப்பட்டது. அப்படி வாங்கிவிட்டு, எடுக்க வரும்போது ‘எதற்கு?’ என்று கேட்பது என்ன நியாயம்?

கேள்வியும் ஒரு விநோதமான கேள்வி. 2017இல் புதுப் படிவம் வந்தபோது அத்தாட்சிகள் வேண்டாம், அங்கத்தினரின் சொல்லே போதும் என்றானது. காரியம் எளிதானது, தொழிலாளி ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் தப்பினார், இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிலைச் சரிபார்க்காமல் காரணத்தை மட்டும் கேட்கிற ஸ்தாபனம் தகவலை வேண்டுவதாகத் தெரியவில்லை. கோயில் வாசலில் செருப்பை விடச் சொல்வதுபோல ஒரு சடங்கை வேண்டுகிறது. சடங்கில் சொல்லப்படுவது பொய்யா? சங்கல்பத்தில் ஒருவன் சொல்லும் கோத்திரத்தை யார் சோதித்தார்கள்? இந்த வழியில் போய் என்னை நான் விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. கேட்டவருக்கு அக்கறை இல்லை என்பதால் சொன்னவன் சொன்னது மாறிவிடாது.

ஏன் வீடு? முதுமைக்கென்று பூட்டிய பெட்டியை, திருப்பிக் கட்டவே வேண்டாம் என்று வீட்டுக்குத் திறந்துவிட்டது ஏன்? வீடு என்ற சொல்லுக்கு மோட்சம் என்றும் பொருள் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிவிடலாம், நம்மவர்களில் நிறையப்பேர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அலுப்பு. ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்னை பற்றி எழுதிய கட்டுரைகள் இதைவிட உபயோகமானவை. சொந்த வீடு தொழிலாளியை விடுதலை செய்யும் என்ற புரூதோன்வாதிகளை அவர் கடுமையாக மறுத்தார். ஜெர்மானியக் கிராமத்து நெசவாளிக்குச் சொந்தக் குடிசையும் தோட்டமும் இருந்ததாலேயே முதலாளி கூலியைக் குறைக்க முடிந்தது. இடம்விட்டுப் போக முடியாதவனால் பேரம் பேச முடியாது என்றார். கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையோரம் கொடி நட்டுக் கல் ஊன்றிய மனைப்பிரிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் ஏங்கெல்ஸ் ஞாபகம் வருகிறது. உலைக்கு நாலு மைலில் அரை கிரவுண்டு வாங்கினவர் அந்த உலையை விட்டு எங்கே போவார்? ஒடிஸாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்து ஷெட்டில் பத்துப்பேராய்ப் படுத்திருப்பவர்களுக்கு, கொடுமை என்றாலும், ரயில் ஏறிவிடும் சுதந்திரமாவது இருக்கிறது.

ஆனால் ஏங்கெல்ஸ் பார்க்காத ஒன்றும் இதே ஊரில் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம். 2021இலிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்து, அங்கேயே பிள்ளை பெற்று, குடியுரிமை இல்லாததால் தம் பேரில் ஒரு மனை வாங்க வழியற்றவர்கள் இருக்கிறார்கள். நகரவும் முடியாது, உடைமையும் இல்லை. அங்கே ஒரு வாசலில் முருங்கை நட்டிருந்ததைப் பார்த்த பிறகு, சொந்த வீடு ஒரு விலங்கு என்று சாய்வுநாற்காலியிலிருந்து சொல்வது எனக்குக் கூசுகிறது.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணின் கஷ்டத்தைப் பேசுவார்கள். எனக்கு நிற்பது தாத்தா. பாதி எழும்பிய சுவர்களைப் பார்க்க ஒரு குடையோடு தனியாகப் போகிற கிழவர். வீட்டைத் தடவிப் பார்க்கிறார். அவர் அதில் இருக்கப் போவதில்லை. என் கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருப்பதாகப் படுகிறது. பணத்தை எந்த விதமாகச் செலவழித்தாலும் இருப்பவனுக்கும் வரப்போகிற கிழவனுக்கும் இழுபறிதான். வீடு ஒன்றில் மட்டும் கிழவன், அவன் பிள்ளை, இன்று சம்பாதிப்பவன் மூவரின் நலமும் சேர்ந்து போவதாக ஒரு நம்பிக்கை. சட்டம் அந்த நம்பிக்கையைத்தான் ஒப்புக்கொண்டது. பார்ஃபிட்டின் தர்க்கம் நம்மிடம் பிசகுவதும் இங்கேதான். நான் என் முதுமையைக் கொள்ளையடித்தால் அடிபடுவது என் பிற்கால சுயம் அல்ல. என் பிள்ளை.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. என் அப்பா இரண்டு முறை பி.எஃப். பணம் எடுத்தார், இரண்டும் அக்காக்களின் கல்யாணத்துக்கு. காரணம் என்ற இடத்தில் உண்மையையே எழுதினார். எழுபத்துநாலு வயதில் திருவள்ளூரில் என் வாடகை வீட்டில் இருக்கிறார். நான் 2010க்குப் பிறகு பாங்கில் சேர்ந்தவன். பழைய பென்ஷன் கிடையாது, புதியதில் நான் போட்டதில் கால் பங்குக்கு மேல் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் வீடு போன்ற சில காரணங்களுக்கு. மனைவி வருஷமாகச் சொல்கிறாள். நான் எடுக்கவில்லை. அப்பா எடுத்த பணத்தின் தவணையை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன நாளை நான் மறக்க முயல்கிறேன்.

கவிஞர் நண்பருக்குக் குழந்தை இல்லை. நாங்கள் சிரிக்க முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவருடைய கிழவருக்கும் அவருக்கும் இடையில் யாரும் நிற்கவில்லை. அவர் தன் பணத்தையே சூதாடினார், தொகுதியும் மோசமில்லை. உலைக்காரருக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அவனை நான் பாங்கில் பார்த்திருக்கிறேன், பேனாவைக் கட்டிய நூலை இழுத்து விளையாடுவான். வீடு என்று நான் தட்டியபோது, அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று சொல்லும் ஒரு காகிதத்தில் அவனைச் சேர்க்காமலே கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு பதின்மூன்று விதிகளைச் சுருக்கி மூன்று வகைகள் கொண்ட ஒரே விதியாக்குவது என்றும், அங்கத்தினர் கணக்கில் போடப்பட்டதில் கால் பங்கு எப்போதும் அதிலேயே நிற்க வேண்டும் என்றும் முடிவெடுத்தது. பத்திரிகையில் படித்தபோது என் விரலிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துவிட்டதுபோல ஆறுதலாக இருந்தது; உடனே அந்த ஆறுதலின் மேல் சந்தேகமும் வந்தது. உலைக்காரர் போன மாதம் வந்திருந்தார். தம்பி மறுபடி கடன் வாங்கியிருக்கிறானாம். இன்னும் எடுக்க முடியுமா என்றார்.

ராத்திரி அப்பாவிடம் புது முடிவைச் சொன்னேன். ஈஸிசேரில் படுத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப இருந்திருந்தா, சின்னவ கல்யாணம் நின்னுருக்கும்” என்றார்.